தடைக் கம்பிகளின் குணபேதம்

நமது பௌதிகச் சோதனைச் சாலையின் ஒரு மூலையில் நீர் காய்ச்சுவதற்குரிய மின்சார அடுப்பு ஒன்று இருக்கிறது. அதற்கு எதிரேயுள்ள அலமாரியில் தடைப்பெட்டி என்னும் மரப்பெட்டி ஒன்று பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடுப்பினுள் சுருளாகக் கிடக்கும் கம்பியும், பெட்டியினுள் சிறு கட்டைகளின்மேல் சுற்றப்பட்டிருக்கும் கம்பியும் தடைக் கம்பி என்ற ஒரே பெயரால் வழங்குகின்றன. இரண்டும் மின்சார ஓட்டத்தைத் தடுப்பனவே. இரண்டும் 1827-ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஸைமன் ஓம் என்னும் ஜெர்மானியப் பேராசிரியர் வெளியிட்ட விதிக்குக் கட்டுப்பட்டனவே. ஆயினும் அவ்விரண்டினிடமும் நாம் வேண்டும் பணி வெவ்வேறு. அடுப்புக் கம்பி தணல்போற் சிவந்து, காற்றின் நடுவே நெடுங்காலம் எரிந்து போகாமல் நிற்க வேண்டும். பெட்டிக் கம்பியோ, காலையிலும் நண்பகலிலும், கோடையிலும் மாரியிலும், தன் அளவு மாறாமல் நிற்க வேண்டும்.

இவ்வேற்றுமையைப் பாடப் புத்தகங்கள் ஒரு பக்கத்தில் சொல்லி முடித்துவிடுகின்றன. படித்தவர் யாவரும் அதை அறிந்ததாகவே எண்ணிக்கொள்கிறோம். நாமும் அவ்வாறு எண்ணியிருந்தோம். ஒரு சிறு நிகழ்ச்சி நம் எண்ணத்தைத் திருத்தியது. அதனைக் கூறிய பின்னர் விஷயத்திற்குள் புகுவோம்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் ஒரு நாள், ஒரு கம்பிச் சுருளின் தடையை மீட்டர் பாலத்தின் உதவியால் அளக்கும் சோதனையை மாணவர்களுக்குக் கொடுத்திருந்தோம். ஒப்பு நோக்குவதற்குரிய 10 ஓம் தடை மேற்சொன்ன பெட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. காலையில் வந்த குழுவினர் 6.00 ஓம் என்று கணக்கிட்டனர். மதியத்திற்குப் பின் வந்த குழுவில் ஒரு மாணவர் 5.78 ஓம் என்று எழுதிக் கொண்டுவந்தார். சுருள் ஒன்றே, பாலம் ஒன்றே, பெட்டியும் ஒன்றே. ஆதலின் தவறு மாணவருடையது என்று முடிவு செய்து, தொடுகட்டையைச் சரியாக அழுத்தவில்லை என்று கடிந்து, மறுபடியும் செய்யுமாறு ஏவினோம். அவர் ஐந்து முறை செய்தார். ஐந்து முறையும் 5.78-ஐ ஒட்டியே விடை வந்தது. பக்கத்தில் இருந்த நண்பர் ஒருவர் காலைக் குழுவின் எண்ணை எழுதிவிடும்படி மெல்லச் சொன்னார். அவர் அதற்கு இணங்கவில்லை. "எனக்குக் கிடைத்தது இதுதான், ஐயா" என்று கூறி ஏட்டை நீட்டினார். அன்று அவருக்கு மதிப்பெண் குறைத்தே இட்டோம்.

அவர் போன பின்பு நம் மனம் அமைதி கொள்ளவில்லை. பெட்டியின் அடிப்பலகையைக் கழற்றிப் பார்த்தோம். மற்றச் சுருள்களெல்லாம் ஒரே நிறமாக இருக்க, 10 ஓம் சுருள் மட்டும் வேறு நிறமாக இருந்தது. முன்னொரு காலத்தில் அச்சுருள் அறுந்துபோக, யாரோ ஒருவர் எனாமல் பூசிய மெல்லிய செப்புக் கம்பியை எடுத்து, சரியாக 10 ஓம் வரும்படி கவனமாக அளந்து சுற்றி வைத்திருக்கிறார். அவர் சோம்பேறி அல்லர், அளவும் பிசகவில்லை. காலையில் அறையின் உஷ்ணநிலை 24 டிகிரி. அப்பொழுது அது மெய்யாகவே 10 ஓம். மேற்கு வெயில் விழும் அவ்வறையில் பிற்பகல் உஷ்ணநிலை 34 டிகிரி; அப்பொழுது அது 10.39 ஓம். 10.39 ஓமை 10 என்று கொண்டு கணக்கிட்டால், 6.00 ஓம் சுருள் 5.78 ஓமாகத்தான் தோன்றும். பொய் சொன்னது கம்பி; கடிந்து கொள்ளப்பட்டவரோ மெய்யை எழுதிய மாணவர்.

இனி, கம்பிகளின் குணங்களை முறையாக ஆராய்வோம்.

ஒரு கம்பியின் தடை மூன்று காரணங்களைப் பொறுத்தது. நீளம் மிகுந்தால் தடை மிகும். கனம் மிகுந்தால் தடை குறையும். மூன்றாவது, கம்பியாக அமைந்த வஸ்துவின் இயற்கை. இம்மூன்றாவதை மட்டும் தனியே ஒப்பிட விரும்பினால், 1 மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பும் உள்ள கம்பிகளாக எல்லா உலோகங்களையும் கற்பித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எத்தனை ஓம் என்று பார்க்க வேண்டும். அவ்வெண்ணைத் தடைத்திறன் என்று இக்கட்டுரையில் வழங்குவோம். சாதாரண அறை உஷ்ணநிலையில் சில உலோகங்களின் தடைத்திறன் ஏறக்குறையப் பின்வருமாறு:

செம்பு — 0.017
இரும்பு — 0.10
ஜெர்மன் வெள்ளி — 0.3
மாங்கனின் — 0.48
கான்ஸ்டன்டன் — 0.49
நிக்ரோம் — 1.09
காந்தால் — 1.45

முதல் இரண்டும் தனி உலோகங்கள். மற்றவை கலப்பு உலோகங்கள். செம்பைவிட நிக்ரோம் 60 மடங்குக்கு மேல் தடுக்கிறது. காந்தால் 80 மடங்குக்கு மேல் தடுக்கிறது என்பதைக் காண்க.

தடைத்திறனுக்கு அடுத்தபடி அறிய வேண்டியது, உஷ்ணநிலை ஏறும்பொழுது தடை எவ்வளவு மாறுகிறது என்பதாகும். ஒரு டிகிரி ஏற்றத்திற்கு, தடையில் எத்தனை பங்கு கூடுகிறதோ அதனை உஷ்ண மாறுகுணகம் என்போம். செம்பின் மாறுகுணகம் 0.0039. அதாவது 10 டிகிரி ஏறினால் 100-க்கு ஏறக்குறைய 4 பங்கு தடை மிகும். நமது பெட்டியில் நிகழ்ந்த பிழை இதுவே. மின்சார விளக்கினுள் இருக்கும் டங்ஸ்டன் இழை வெண்மையாக ஒளிரும்பொழுது, குளிர்ந்திருந்த நிலையிலும் 10 மடங்குக்கு மேற்பட்ட தடை உடையதாகிறது. கலப்பு உலோகங்களிலோ இம்மாறுதல் மிகச் சிறியது. நிக்ரோமுக்கு அது 0.0001 அளவினது, கான்ஸ்டன்டனுக்கும் மாங்கனினுக்கும் அதனினும் பல மடங்கு குறைவு.

இரண்டு நல்ல கடத்திகளைக் கலந்தால் நல்ல கடத்தியே உண்டாக வேண்டும் என்று தோன்றும். செம்பும் நிக்கலும் தனித்தனியே மின்சாரத்தை நன்றாகச் செல்லவிடுகின்றன. அவ்விரண்டையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்த கான்ஸ்டன்டனோ, செம்பைவிட 28 மடங்கு தடுக்கிறது. இதன் காரணம் யாது?

வரிசை தவறாமல் நட்ட தென்னந்தோப்பு ஒன்றை மனத்திற் கொள்ளுங்கள். வரிசைகளின் இடையே ஒருவன் நெடுந்தூரம் எதிலும் முட்டாமல் ஓடலாம். பெருங்காற்று வீசி மரங்கள் அங்குமிங்கும் ஆடத் தொடங்கினால், அவன் ஓட்டம் தடைப்படும். காற்று மிகுந்தோறும் தடையும் மிகும். தனி உலோகத்தின் நிலை இதுவே. அதன் அணுக்கள் ஒழுங்காக அணிவகுத்து நிற்கின்றன. எலெக்ட்ரன் அலைத்தன்மையும் உடையதாதலின், ஒழுங்கான அணுவரிசை அதனைச் சிதறச் செய்வதில்லை. உஷ்ணத்தால் அணுக்கள் அதிரும்பொழுதுதான் சிதறல் மிகுகிறது. இனி, பலவகை மரங்கள் முறையின்றி நெருங்கி வளர்ந்த காடு ஒன்றைக் கருதுங்கள். அங்கே காற்று இல்லாத பொழுதும் ஓட முடியாது. காற்று வீசினாலும் முன்பிருந்த தடையோடு சிறிதளவே கூடும். கலப்பு உலோகம் இக்காட்டைப் போன்றது. வெவ்வேறு அணுக்கள் ஒழுங்கின்றிக் கலந்து நிற்பதால் உண்டாகும் தடை பெரிது. அது உஷ்ணத்தைப் பொறுத்ததன்று. உஷ்ண அதிர்ச்சியால் கூடுவது அதன்மேல் ஒரு சிறு பங்கே. இவ்விரு பங்குகளையும் கூட்டியே மொத்தத் தடையை அறிய வேண்டும் என்பதை ஆங்கில இரசாயன சாஸ்திரியாகிய மத்தீசன் 1860-களில் தம் சோதனைகளால் விளக்கினார். ஆகவே தடைத்திறன் பெரிதாயிருப்பதும், மாறுகுணகம் சிறிதாயிருப்பதும் ஒரே காரணத்தினின்று பிறந்த இரு குணங்கள் என அறிக.

அளவைக்குரிய கம்பிகளை முதலில் எடுத்துக்கொள்வோம்.

19-ஆம் நூற்றாண்டில் தடைச் சுருள்களுக்குப் பெரும்பாலும் பயன்பட்டது ஜெர்மன் வெள்ளி. பெயரில் வெள்ளி உண்டேயன்றிப் பொருளில் வெள்ளி சிறிதும் இல்லை. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த கலவை அது. அதன் மாறுகுணகம் செம்பினுடையதில் பத்தில் ஒரு பங்கு அளவினது. அக்காலத்திற்கு அதுவே பெரிய லாபமாக இருந்தது. ஆயினும் நுட்பமான அளவைக்கு அது போதவில்லை. இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவிற் குடியேறி, மின்சார அளவைக் கருவிகள் செய்வதில் ஈடுபட்டிருந்த எட்வர்ட் வெஸ்டன் என்பவர் இக்குறையைத் தீர்க்க முற்பட்டார். செம்பையும் நிக்கலையும் கலந்து அவர் 1887-இல் கண்ட கலப்பு உலோகத்திற்குத் தாம் இட்ட பெயர் 'இரண்டாம் எண் கலவை' என்பதே. ஜெர்மனியில் அதனைச் செய்யத் தொடங்கியபொழுது, மாறாதது என்னும் பொருள்பட, கான்ஸ்டன்டன் என்று பெயரிட்டனர். அப்பெயரே நிலைத்தது. பின்னர் 1892-இல் வெஸ்டன் மாங்கனினை ஆக்கினார். அதில் செம்பு 100-க்கு ஏறக்குறைய 84 பங்கு, மாங்கனீஸ் 12 பங்கு, எஞ்சியது நிக்கல்.

கான்ஸ்டன்டன், மாங்கனின் இரண்டின் தடைத்திறனும் ஏறக்குறைய ஒன்றே. அறை உஷ்ணநிலையில் இரண்டின் தடையும் அநேகமாக மாறுவதில்லை. உஷ்ணத்தால் தடையைக் கூட்டும் காரணமும் குறைக்கும் காரணமும் அவற்றினுள் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. அவ்வாறாயின், ஒன்று இருக்க மற்றொன்று எதற்கு என்று வினவலாம்.

இதற்கு விடை வேறொரு குணத்தில் இருக்கிறது. இருவகை உலோகங்களை இரண்டு இடங்களில் இணைத்து, ஓர் இணைப்பை மற்றதினும் சூடாக்கினால், அவ்வளையத்தில் தானே மின்சாரம் பிறக்கும் என்பதை 1821-இல் ஸீபெக் கண்டறிந்தார். செம்போடு கான்ஸ்டன்டனை இணைத்தால், ஒரு டிகிரி வேற்றுமைக்கு ஒரு வோல்ட்டைப் பத்து லக்ஷம் பங்காக்கியதில் ஏறக்குறைய 40 பங்கு பிறக்கிறது. செம்போடு மாங்கனினை இணைத்தாலோ 2 பங்குகூடப் பிறப்பதில்லை. சோதனைச் சாலையில் சுருளின் இரு முனைகளும் செப்புக் கம்பிகளோடுதான் இணைக்கப்படுகின்றன. ஒரு முனை மாணவர் கைபட்டோ, சன்னல் வெயில்பட்டோ மற்றதைவிட 5 டிகிரி சூடாக இருப்பதாகக் கொள்வோம். சுருள் கான்ஸ்டன்டனாயின், அழையாமலே ஒரு மில்லிவோல்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு அங்கே தோன்றும். நாம் அளப்பது 20 மில்லிவோல்ட் என்றால், அது 100-க்கு 1 பங்கு பிழை. மாங்கனினாயின் அப்பிழை இருபதில் ஒரு பங்காக ஒடுங்கிவிடும். ஆதலின் நுட்பமான தடைப்பெட்டிகளிலும், அம்மீட்டர்களின் பக்கத் தடைகளிலும் மாங்கனினையே கையாளுகின்றனர்.

இங்கே குற்றமாகத் தோன்றிய குணம் வேறோரிடத்தில் நற்குணமாக நிற்கிறது. செம்பும் கான்ஸ்டன்டனும், அல்லது இரும்பும் கான்ஸ்டன்டனும் இணைந்த ஜோடிகளை உஷ்ணமானிகளாகப் பயன்படுத்துகின்றனர். மேலும் கான்ஸ்டன்டனின் தடை பல நூறு டிகிரி வரையில் அதிகம் மாறுவதில்லை. மாங்கனினின் நிலைபேறோ அறை உஷ்ணநிலையை ஒட்டிய சிறு எல்லைக்குள் மட்டுமே சிறந்தது. மாங்கனினின் தடையை உஷ்ணநிலையோடு வரைந்து பார்த்தால், கோடு மெல்ல ஏறி, அறை உஷ்ணநிலைக்கு அருகே உச்சி கண்டு, மறுபடியும் மெல்ல இறங்குகிறது. அவ்வுச்சியின் அருகே அது ஏறக்குறையச் சமதளம். அங்கிருந்து அகன்றால் சரிவு. பாலங்களின் உத்தரங்களிலும் யந்திரங்களின் உறுப்புக்களிலும் ஒட்டி, அவை எவ்வளவு நீளுகின்றன என்று அறியும் மெல்லிய தகடுகளைக் கான்ஸ்டன்டனாற் செய்கின்றனர். வெயிலால் தடை மாறாத உலோகமாயின், மாறிய தடை இழுவையால் மாறியது என்று தெளிவாகக் கூறலாம் அல்லவா?

மாங்கனினைச் சுற்றியவுடனே அது உண்மை கூறும் என்று எண்ணுதலும் கூடாது. வளைத்துச் சுற்றும்பொழுது கம்பியினுள் இறுக்கம் தங்கிவிடுகிறது. அது நாளடைவில் தளரத் தளரத் தடையும் சிறிது சிறிதாக மாறும். அமெரிக்க நாட்டு அளவை நிலையத்தைச் சேர்ந்த தாமஸ் என்பவர் 1930-களில் மாங்கனின் சுருளைச் சுற்றிய பின் மிகுந்த சூட்டில் பதப்படுத்தி, இரட்டைச் சுவர் கொண்ட உறையினுள் காற்றுப் புகாமல் அடைத்து, ஒரு ஓம் அளவைகளை ஆக்கினார். அவை பல ஆண்டுகள் அந்நாட்டின் ஓமைக் காத்து நின்றன. அதற்கு முன்னர், 1893-இல் சிகாகோவிற் கூடிய சர்வதேச மின்சார மகாநாடு, உருகும் பனிக்கட்டியின் உஷ்ணநிலையில் 106.3 சென்டிமீட்டர் உயரமும் 14.4521 கிராம் நிறையும் உள்ள பாதரசத் தம்பத்தின் தடையே ஒரு ஓம் என்று வரையறுத்திருந்தது. 1980-இல் கிளாவுஸ் பொன் கிளிட்ஸிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவைக் கொண்டு, 1990 முதல் எந்நாட்டிலும் இயற்கையின் மாறிலிகளினின்றே ஓமை அடையும் வழி பிறந்தது. 2019-இல் அம்மாறிலிகளின் எண்கள் நிலையாக வரையறுக்கப்பட்டன. ஆயினும் அவ்வுயர்ந்த அளவையினின்று சாதாரணச் சோதனைச் சாலைக்கு ஓமைச் சுமந்து வருவது இன்றும் ஒரு கம்பிச் சுருளே.

இனி, சுடுவதற்குரிய கம்பிகளைப் பற்றிக் கூறுவோம்.

மின்சாரம் ஓடும் கம்பியில் பிறக்கும் உஷ்ணம், ஓட்டத்தின் வர்க்கத்தையும் தடையையும் காலத்தையும் பெருக்கிய அளவினது என்று 1841-இல் ஜூல் காட்டினார். விதி விளங்கியும் நல்ல அடுப்பு உடனே வரவில்லை. தக்க கம்பி கிடைக்காததே காரணம். இரும்பைச் சிவக்கக் காய்ச்சினால் பிராணவாயுவோடு சேர்ந்து துருப்பொருக்காக உதிர்ந்துபோகும். பிளாட்டினம் எரியாது, ஆனால் அதன் விலையை எண்ணினால் அது அரண்மனை அடுப்புக்கே உரியது. ஆல்பர்ட் மார்ஷ் என்னும் அமெரிக்கர் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து இக்குறையைத் தீர்த்தார். 1906-இல் அவருக்கு அதற்குரிய பேடண்ட் உரிமை கிடைத்தது. நிக்ரோம் என்று வழங்கும் அக்கலவையின் சிறந்த வகையில் நிக்கல் 80 பங்கு, குரோமியம் 20 பங்கு.

நிக்ரோம் எரியாமலிருப்பதற்குக் காரணம், அது பிராணவாயுவோடு சேர்வதே என்றால் வியப்பாகத் தோன்றும். முதன்முறை சிவந்தவுடனே அதன் மேற்பரப்பிலுள்ள குரோமியம் பிராணவாயுவோடு கூடி, மெல்லிய உறுதியான தோலாகக் கம்பியைப் போர்த்துக்கொள்கிறது. அத்தோல் உதிராமல் ஒட்டிக்கொண்டு, உள்ளே பிராணவாயு புகுவதைத் தடுக்கிறது. இரும்பின் துரு உதிர்வதால் இரும்பு அழிகிறது. குரோமியத்தின் தோல் ஒட்டுவதால் நிக்ரோம் பிழைக்கிறது. ஆயினும் அடுப்பை அடிக்கடி ஏற்றி அணைத்தால், கம்பி நீண்டு சுருங்கும்பொழுதெல்லாம் தோலில் வெடிப்புக் காணும். வெடிப்பை மூடப் புதிய குரோமியம் உள்ளிருந்து செலவாகும். அச்சேமிப்புத் தீரும் நாளே கம்பியின் இறுதி நாள். எப்பொழுதும் எரியும் உலையைவிட ஏற்றியணைக்கும் அடுப்பின் கம்பி விரைவில் அறுவது இதனால்தான்.

காந்தால் என்பது சுவீடனில் ஹால்ஸ்டாஹாமர் என்னும் ஊரில் ஹான்ஸ் பொன் கான்ட்ஸோ என்பவர் ஆக்கிய கலவை. அவர் பெயரின் சாயலே அதன் பெயர். அதில் நிக்கல் இல்லை. இரும்பும் குரோமியமும் சிறிதளவு அலுமினியமும் சேர்ந்தது அது. அதன் தோல் அலுமினியமும் பிராணவாயுவும் கூடியது. குரோமியத் தோலினும் அதிகச் சூட்டைத் தாங்க வல்லது. நிக்ரோமை ஏறக்குறைய 1,200 டிகிரிக்கு மேல் ஏற்றுதல் தகாது. காந்தாலின் உயர்ந்த வகையை 1,400 டிகிரி வரை ஏற்றலாம். கந்தகப் புகை நிக்கலைக் கெடுக்கும். காந்தால் அப்புகையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். இவ்வளவு சிறப்பிருந்தும் அது நிக்ரோமை ஒழித்துவிடவில்லை. மிகுந்த சூட்டில் காந்தால் தளர்ந்து தொங்கும். சில காலம் சிவந்து எரிந்தபின் ஆறிய நிலையில் கண்ணாடிபோல் ஒடியும் தன்மை அடையும். நிக்ரோமோ சூட்டிலும் வலிமை குன்றாது. பழகிய பின்னும் ஓரளவு வளைந்து கொடுக்கும்.

அடுப்புக் கம்பிக்கு மாறுகுணகம் சிறிதாயிருப்பதும் ஒரு நன்மை. நிக்ரோமையும் காந்தாலையும் 1,000 டிகிரிக்கு ஏற்றினாலும் தடை 100-க்கு 10 பங்குகூடக் கூடுவதில்லை. ஆகவே விசையைத் திருப்பியவுடன் பாயும் ஓட்டமும், சிவந்தபின் ஓடும் ஓட்டமும் அநேகமாக ஒன்றே.

இவற்றை ஒரு கணக்கினால் விளக்குவோம். 230 வோல்ட்டில் 1,000 வாட் உஷ்ணம் தரும் அடுப்பு ஒன்று வேண்டும். அதன் தடை ஏறக்குறைய 53 ஓம் ஆக வேண்டும். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியை எடுத்துக்கொண்டால், செம்பாயின் 600 மீட்டர் வேண்டும். அதை எந்த அடுப்பிற் சுற்றுவது? கான்ஸ்டன்டனாயின் 21 மீட்டர். நிக்ரோமாயின் ஒன்பதரை மீட்டர். காந்தாலாயின் ஏழு மீட்டருக்குச் சற்று மேல். நிக்ரோம் 16 கிராம் நிறை. காந்தால் இலேசானதும் ஆதலால் 10 கிராமே போதும். கணக்கை இவ்வளவில் நிறுத்தினால் காந்தாலே மேல் என்று தோன்றும். ஆனால் உஷ்ணம் வெளியேறுவது கம்பியின் மேற்பரப்பின் வழியாக அன்றோ? நிக்ரோமின் மேற்பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் ஏறக்குறைய 6.7 வாட் வெளிவிட வேண்டும். குறுகிய காந்தாலிலோ ஏறக்குறைய 8.9 வாட். ஒரே அடுப்பில் ஒரே கனத்தில் இரண்டையும் இட்டால் காந்தால் அதிகமாகக் காயும். கலவையை மாற்றினால் கம்பியின் கனத்தையும் நீளத்தையும் கூடவே மாற்ற வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இக்கணக்கு விடுதியிலும் வீட்டிலும் அடுப்பைத் தாமே பழுதுபார்க்கும் நண்பர்களுக்கு மிக இன்றியமையாதது. கம்பி ஓரிடத்தில் அறுந்தால், கருகிய பகுதியை வெட்டியெறிந்து, எஞ்சியதை இழுத்து முறுக்கிப் பூட்டிவிடுவது வழக்கம். ஒன்பதரை மீட்டரில் ஒரு மீட்டர் குறைந்ததாகக் கொள்வோம். தடை குறைகிறது; ஓட்டம் மிகுகிறது; 1,000 வாட் 1,100-க்கு மேல் ஆகிறது. மேற்பரப்போ குறைந்துவிட்டது. ஆகவே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் சுமக்கும் பாரம் நான்கில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. முறுக்கிய இடத்தில் கம்பிகள் தோலோடு தோல் தொடுவதால் அங்கே தனித் தடை உண்டாகி, அவ்விடமே முதலிற் காய்ந்து மறுபடியும் அறும். அடுப்பு நன்றாகக் காய்கிறது என்று மகிழும் நண்பர், கம்பியின் ஆயுளையும் விடுதியின் பத்திரத்தையும் குறைத்துக்கொண்டிருக்கிறார். அளவும் வகையும் ஒத்த புதிய சுருளை வாங்கி மாட்டுவதே முறை. அதற்கு முன் செருகியைச் சுவரினின்று பிடுங்கிவிடுதல் முதற் கடமை.

அடுப்புக் கம்பியைத் தடைப்பெட்டியில் இட்டால் என்ன? நிக்ரோம் 10 டிகிரி ஏற்றத்தில் ஆயிரத்துக்கு ஒரு பங்கு மாறும். செம்பைப்போல் மோசமன்று, எனினும் மாங்கனினைப்போல் நம்பத்தக்கதுமன்று. மேலும் அதனைக் காக்கும் அதே தோல் ஈயப்பற்று ஒட்டுவதையும் தடுப்பதால், முனைகளைச் செவ்வையாக இணைத்தல் அரிது. மாங்கனினை அடுப்பில் இட்டால் என்ன? அதனிடம் காக்கும் தோல் இல்லை. அதிலுள்ள மாங்கனீஸ் பிராணவாயுவோடு கூடிக் கெட்டு, சாட்சி சொல்லும் குணத்தையும் இழந்து, இறுதியில் கம்பியும் அறும். செம்போ, ஓட்டத்தைக் கொண்டு செலுத்துவதில் இவை எதற்கும் இளைத்ததன்று. நமது பெட்டியினுள் அது பிழை செய்தது, அதற்குரியதல்லாத வேலையில் அதனை அமர்த்தியதாலேயாம். எந்தக் கம்பி உயர்ந்தது என்று வினவுவதில் பொருளில்லை. எவ்வளவு சூட்டில், எவ்வளவு காலம், எவ்வளவு நுட்பத்துடன், எந்த உலோகத்தோடு இணைந்து நிற்க வேண்டும் என்று முதலில் வினவிக்கொண்டால், கம்பி தானே தெரியவரும்.

நமது சோதனைச் சாலையில் இப்பொழுது கம்பிச் சுருள் ஒவ்வொன்றிலும் கலவையின் பெயரும் விட்டமும் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. பழுதுபார்த்த கருவியினுள், என்று, யாரால், எக்கம்பி கொண்டு பழுதுபார்க்கப்பட்டது என்று குறித்து வைக்கும் வழக்கமும் தொடங்கியுள்ளோம். 10 ஓம் சுருள் மாங்கனினால் மறுபடியும் சுற்றப்பட்டது. செப்புச் சுருளை எறிந்துவிடவில்லை. காலை ஒரு முறையும் பிற்பகல் ஒரு முறையும் அதன் தடையை அளந்து, செம்பின் மாறுகுணகத்தைக் கண்டறிக என்று புதிய சோதனை ஒன்றை அதனைக் கொண்டே அமைத்திருக்கிறோம்.

மறுநாள் அம்மாணவரை அழைத்துப் பெட்டியைத் திறந்து காட்டி, நம் பிழையைச் சொல்லி, குறைத்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தோம். அவர் சுருளைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நேற்றைய அறையின் உஷ்ணநிலையை இதைக்கொண்டே அளந்துவிடலாமே, ஐயா" என்றார். பிளாட்டினத் தடை உஷ்ணமானி இயங்கும் தத்துவம் அதுவே. அவர் ஏட்டில் 5.78 என்ற எண் அடிக்கப்படாமல் இன்றும் அவ்வாறே இருக்கிறது.